நிபந்தனையும் நிரந்தரமும்: அமெரிக்கப் பணிவழிக் குடிநுழைவில் ஒரு சொற்றொடரின் திறனாய்வு

முன்னுரை

புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மொழி, சமயம், இலக்கியம் ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. அவர்தம் வாழ்வைத் தீர்மானிக்கும் சட்டச் சொற்களை நாம் அரிதாகவே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டத்தில் வழங்கும் 'நிபந்தனைக்குட்பட்ட நிரந்தரவாசம்' என்னும் தொடர் அத்தகையது. பணியின் வழியாகப் பச்சை அட்டை பெறுவோர் அனைவரும் முதற்சில ஆண்டுகள் நிபந்தனையின்கீழ் வாழ்கின்றனர் என்று இத்தொடரைக் கேட்போர் எளிதில் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. இத்தொடரின் பொருளெல்லையை வரையறுப்பது இக்கட்டுரையின் முதல் நோக்கம். சட்டம் 'நிபந்தனை' எனப் பெயரிட்ட நிலையைவிட, பெயரிடாது விட்ட நிலையே பணியாளரை மிகுதியும் கட்டுப்படுத்துகிறது என்பதை எடுத்துக்காட்டுவது இரண்டாம் நோக்கம்.

சொல்லும் மொழிபெயர்ப்பும்

பச்சை அட்டையை 'நிரந்தரக் குடியுரிமை' என எழுதும் வழக்கம் தமிழ்நாட்டு இதழ்களில் நெடுநாளாக உள்ளது. குடியுரிமை என்பது ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் உரிமையாகும். பச்சை அட்டை தருவது அதுவன்று. அந்நாட்டில் தங்கி வாழவும் தொழில் செய்யவும் உள்ள உரிமையே ஆகும். அதனைப் பெற்றவர் பொதுவாக ஐந்தாண்டுகள் கழித்தே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இயலும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வழங்கும் 'நிரந்தரவாசி' என்னும் சொல் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காக்கிறது. ஆதலின் இக்கட்டுரையில் நாம் அச்சொல்லையே ஆள்கிறோம்.

'நிபந்தனை' என்னும் அடை சேரும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. நிரந்தரம் என்பது முடிவில்லாதது; நிபந்தனை என்பது முடிவு நேரக்கூடும் என்பதை உணர்த்துவது. இவ்விரண்டும் ஒரு பெயரைத் தழுவி நிற்கும்போது, 'இது நிரந்தரமே அன்று' எனப் படிப்போர் கருதுவது இயல்பு. ஆனால் சட்டத்தின் நோக்கில் நிபந்தனைக்குட்பட்ட நிரந்தரவாசிக்கும் ஏனைய நிரந்தரவாசிகளின் உரிமைகளும் கடமைகளும் உண்டு. அவர் எந்த முதலாளியிடமும் பணியாற்றலாம். நாட்டைவிட்டுச் சென்று மீளலாம். நிபந்தனைக் காலமும் குடியுரிமைக்கான ஐந்தாண்டுக் கணக்கிற் சேர்கிறது. குறிப்பிட்ட காலத்துள் நிபந்தனையை நீக்கிக்கொள்ளும் கடமையே அவர்க்குரிய தனி வேறுபாடு.

சட்டத்தின் அமைப்பு

நிபந்தனைக்குட்பட்ட நிரந்தரவாசம் முதன்முதலில் 1986ஆம் ஆண்டின் திருமண மோசடித் தடுப்புத் திருத்தங்களின் வழியாகச் சட்டத்திற் புகுந்தது. மணமாகி இரண்டாண்டு நிறையாத நிலையில் துணைவர் வழியாக நிரந்தரவாசம் பெறுவோர்க்கு அது விதிக்கப்பட்டது. பணிவழிக் குடிநுழைவின் இன்றைய வடிவத்தை அமைத்தது 1990ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டமாகும். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 140,000 இடங்களை ஐந்து பிரிவுகளுக்குப் பகிர்ந்தளித்தது. பணியாளரின் துணைவரும் பிள்ளைகளும் இவ்வெண்ணிக்கையிலேயே அடங்குவர்.

இவ்வைந்தனுள் நிபந்தனை ஐந்தாம் பிரிவாகிய முதலீட்டாளர்க்கு மட்டுமே உரியது. சிறப்பாற்றல் உடையோர், உயர்பட்டம் பெற்றோர், தொழில்திறன் பெற்றோர் முதலிய ஏனைய பிரிவினர் நிரந்தரவாசம் பெறும் நாளிலேயே அதனை நிபந்தனையின்றிப் பெறுகின்றனர். அவர்தம் அட்டை பத்தாண்டுக்கு வழங்கப்படுகிறது. அட்டை காலாவதியாவதால் அவர்தம் தகுதி காலாவதியாவதில்லை.

முதலீட்டாளர் நிலை வேறு. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் குறைந்த அளவு முதலீட்டை 1,050,000 அமெரிக்க வெள்ளி எனவும், வேலையின்மை மிகுந்த பகுதிகள், ஊர்ப்புறங்கள் முதலியவற்றில் 800,000 வெள்ளி எனவும் நிறுவியது. முதலீடு பத்து முழுநேர வேலைகளை உருவாக்க வேண்டும். முதலீட்டாளரும் குடும்பத்தாரும் இரண்டாண்டுக்கு நிபந்தனைக்குட்பட்டு நிரந்தரவாசிகளாகின்றனர். இரண்டாண்டு நிறைவதற்கு முந்திய 90 நாள்களுள் நிபந்தனை நீக்க மனு அளிக்கவேண்டும். அளிக்கத் தவறினால் தகுதி இழக்கப்படும். இரண்டாண்டு அட்டை கையிலிருப்பவர் 'நாம் நிரந்தரவாசியே' என்று வாளாவிருத்தல் எத்துணை ஆபத்தானது என்பது இதனாற் புலனாகும்.

முன்நிபந்தனையும் பின்நிபந்தனையும்

இங்கு நாம் நிபந்தனையை இருவகையாகப் பிரித்துக் காண்பது பயன்தரும். ஓர் உரிமையைப் பெறுமுன் நிறைவேற்றவேண்டியது முன்நிபந்தனை. உரிமையைப் பெற்றபின், அதனைத் தக்கவைத்துக்கொள்ள நிறைவேற்றவேண்டியது பின்நிபந்தனை. முதலீட்டாளரின் இரண்டாண்டு பின்நிபந்தனையாகும். அவர் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே அதனை உறுதிசெய்கிறார். மனு மறுக்கப்பட்டாலும் குடிநுழைவு நீதிபதியின் முன் அதனை மீளாய்வு செய்யக் கேட்கலாம். அவ்விடத்து மனுவிற் கூறியவை உண்மையல்ல என மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது.

பணியாளரின் நிலையோ முன்நிபந்தனை. பெரும்பாலோர்க்கு முதலாளியே மனுதாரர். பணியாளர் பயனாளி மட்டுமே. முதலில் அப்பணிக்குத் தகுதியான உள்நாட்டார் கிடைக்கவில்லை என்னும் தொழிலாளர் துறைச் சான்றிதழை முதலாளி பெறவேண்டும். அதன்பின் குடிநுழைவு மனு அளிக்கவேண்டும். அதன்பின் வரிசையிற் காத்திருக்கவேண்டும். இக்காத்திருப்பின்போது பணியாளர் பெரும்பாலும் எச்-1பி என்னும் தற்காலிகத் தகுதியில் வாழ்கிறார். பணி போனால் அவர்க்குக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள்கள். அதுவும் 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதியால் வாய்த்தது. வேறு முதலாளியிடம் சேர்ந்தால் பழைய வரிசை நாளைத் தக்கவைக்க வழியுண்டு. எனினும் சான்றிதழும் மனுவும் பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்கும்.

2000ஆம் ஆண்டின் சட்டம் இவ்விறுக்கத்தை ஓரளவு தளர்த்தியது. ஆறாண்டு எல்லைக்கு அப்பாலும் எச்-1பி தகுதியை நீட்டிக்க அது வழிசெய்தது. நிரந்தரவாச விண்ணப்பம் 180 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருப்பின் அதையொத்த வேறு பணிக்கு மாறவும் இசைந்தது. ஆயினும் வரிசை முன்னேறினாலன்றி அவ்விண்ணப்பத்தை அளிக்கவே இயலாது என்பதை நாம் மறத்தலாகாது.

பிறப்பிடம் என்னும் பெயரிடப்படாத நிபந்தனை

காத்திருப்பின் நீளத்தைத் தீர்மானிப்பது பணியாளரின் திறனன்று. அவர் பிறந்த நாடு. எந்த ஒரு நாட்டில் பிறந்தோர்க்கும் ஆண்டு இடங்களுள் 7 விழுக்காட்டிற்கு மேல் கிடையாது என்பது பொதுவிதி. இதன் விளைவு இந்தியாவில் பிறந்தோர்க்குக் கடுமையானது. 2023 அக்டோபர் மாத விசா அறிவிப்பில், இந்தியாவில் பிறந்த உயர்பட்டப் பிரிவினர்க்கான நாள் 2012 சனவரி 1 என அறிவிக்கப்பட்டது. அதாவது, அந்நாளுக்கு முன் வரிசையில் இடம் பெற்றவர்க்கே அப்போது வாய்ப்பு. பதினொரு ஆண்டுகட்கு மேற்பட்ட காத்திருப்பு இது.

இவ்விதியின் இயல்பை நம் சூழலில் வைத்துக் காண்போம். மதுரையில் பிறந்த ஒருவரும் ஈப்போவில் பிறந்த ஒருவரும் ஒரே பட்டம் பெற்று, ஒரே நிறுவனத்தில், ஒரே நாளில் மனுச் செய்யப்பெற்றனர் எனக் கொள்வோம். இருவரும் தமிழர், வீட்டில் பேசுவதும் ஒரே மொழி. ஈப்போவில் பிறந்தவர் மலேசியக் கணக்கிற் சேர்வார். அவர் காத்திருப்பு ஒப்பளவில் மிகக் குறைவு. மதுரையில் பிறந்தவர் இந்திய வரிசையில் நிற்பார். மதுரைக்காரர் பின்னாளில் மலேசியக் குடியுரிமை பெற்றிருந்தாலும் கணக்கு மாறாது. சட்டம் நோக்குவது பிறப்பிடத்தையே. அவர் ஈப்போவில் பிறந்தவரை மணந்திருப்பின் மட்டும் துணைவரின் நாட்டுக் கணக்கிற் சேர இடமுண்டு. பணிவழிக் குடிநுழைவு என்று பெயர் பெற்ற ஒன்றில் பணிக்குத் தொடர்பற்ற பிறப்பிடம் இத்துணை ஆட்சி செலுத்துவது சட்டத்தின் பெயருக்கும் செயலுக்கும் உள்ள முரணைக் காட்டுகிறது.

இம்முரணின் சுமை பிள்ளைகள்மேலும் விழுகிறது. 21 வயது நிரம்பிய பிள்ளை பெற்றோரின் விண்ணப்பத்திற் சேரும் உரிமையை இழக்கிறது. 2002ஆம் ஆண்டின் குழந்தைத் தகுதிப் பாதுகாப்புச் சட்டம், மனு பரிசீலனையில் இருந்த காலத்தை மட்டும் வயதிலிருந்து கழிக்கிறது. வரிசையிற் காத்திருந்த ஆண்டுகளைக் கழிப்பதில்லை. கைக்குழந்தையாக வந்து அங்கேயே பள்ளிக்கல்வி முடித்த பிள்ளை, தனக்கெனத் தனியொரு தகுதியைத் தேடவோ நாட்டை விட்டு நீங்கவோ வேண்டியதாகிறது.

எதிர்வாதமும் மதிப்பீடும்

முதலீட்டாளரின் நிபந்தனை எளிதானது என்று நாம் கூற வரவில்லை. அவர் நிலை தம் கையில் இல்லாத ஒரு தொழில்திட்டத்தின் வெற்றியைச் சார்ந்தது. 1998ஆம் ஆண்டில் வெளிவந்த முன்னோடித் தீர்ப்புகள் விதிகளை இறுக்கியபோது, முன்னரே ஏற்கப்பட்ட முதலீட்டாளர் பலர் நிபந்தனை நீக்கம் பெறாது தவித்தனர். 2002ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அவர்க்கெனத் தனி வழி வகுக்க வேண்டியதாயிற்று. நிபந்தனை நீக்க மனு முடிவாக இன்றும் பல ஆண்டுகள் ஆவதுண்டு. மோசடியைத் தடுக்க இத்தகைய சோதனைக் காலம் தேவை என்னும் வாதத்திலும் நியாயம் உண்டு.

எனினும் ஒப்பீடு தெளிவானது. முதலீட்டாளரின் நிபந்தனைக்குப் பெயர் உண்டு, கால அளவு உண்டு, மீளாய்வு உண்டு. அவர் இடர்ப்பட்டபோது சட்டமன்றம் செவிசாய்த்ததும் உண்டு. பணியாளரின் நிபந்தனைக்குப் பெயரில்லை. ஆகவே காலவரையறையும் இல்லை. சட்டத்தின் ஏட்டில் அவர் 'காத்திருப்பவர்' மட்டுமே. பெயரிடப்படாத துன்பம் சட்டத்தின் கண்ணுக்குத் துன்பமாகத் தோன்றுவதில்லை என்பதே நம் கருத்து.

முடிவுரை

'நிபந்தனைக்குட்பட்ட நிரந்தரவாசம்' என்னும் தொடர், பணிவழிக் குடிநுழைவில் முதலீட்டாளரை மட்டுமே குறிக்கும் என்பதும், ஏனையோரின் நிபந்தனை நிரந்தரவாசத்திற்கு முன்னரே நெடுங்காலம் நிகழ்ந்துவிடுகிறது என்பதும் மேற்கண்டவற்றால் விளங்கும். இதனைத் தமிழில் எழுதுவோர் குடியுரிமை, நிரந்தரவாசம், தற்காலிகத் தகுதி ஆகிய மூன்றனையும் வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும். வகுப்பறையில் நாம் ஓர் அடைமொழி எந்தப் பெயரைத் தழுவுகிறது என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அதே கவனம் இச்சொற்களுக்கும் தேவை. நம்மிடம் பயின்று கடல்கடந்து செல்லும் மாணவர் தாம் கையொப்பமிடும் தாளில் எந்த நிபந்தனைக்கு இசைகிறோம் என்பதை அறிந்து இசைவதற்கு, நாம் சொல்லித்தரும் சொல்லாட்சித் தெளிவும் துணைநிற்க வேண்டும்.