குரலும் சொல்லும்: மும்பைத் தமிழும் தடய ஒலி ஆய்வும்

தடய அறிவியலில் ஒலிப்பதிவு ஆய்வு இரு வினாக்களுக்கு விடை தேடுகிறது. பேசியவர் யார் என்பது ஒன்று. பேசப்பட்டது என்ன என்பது மற்றொன்று. முதல் வினா இந்தியாவில் சட்ட நோக்கிலும் அறிவியல் நோக்கிலும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்துள்ளது. இரண்டாம் வினாவோ பெரும்பாலும் எழுத்தர் பணியாகவே கொள்ளப்படுகிறது. தமிழைப் பொறுத்தவரை இக்குறை எத்தகைய பிழைகளுக்கு இடந்தரும் என்பதை மும்பையில் வழங்கும் தமிழை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அளவுகோல்கள்

ஒலிப்பதிவைச் சான்றாக ஏற்பது பற்றிய சட்டநெறி உருவானதில் பம்பாய் வழக்குகளுக்குச் சிறப்பிடம் உண்டு. மாநகராட்சி எழுத்தர் ஒருவருக்குக் கையூட்டு அளித்தது பற்றிய யூசுஃபலி எஸ்மாயில் நாக்ரி வழக்கில் (1967), மறைத்து வைக்கப்பட்ட கருவியில் பதிவான உரையாடலை உச்சநீதிமன்றம் ஏற்றது. பம்பாயின் மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர் தொடர்பான ஆர். எம். மல்கானி வழக்கில் (1972), உரையாடல் வழக்கிற்குத் தொடர்புடையதாக இருத்தல், குரல் இனங்காணப்படுதல், பதிவு அழிக்கப்படவில்லை என மெய்ப்பிக்கப்படுதல் ஆகிய மூன்றும் வேண்டும் என்றது. ராம் சிங் வழக்கில் (1985) இவை விரிவடைந்து, பதிவைப் பாதுகாப்பாக முத்திரையிட்டு வைத்தல், குரல் தெளிவாகக் கேட்டல் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. பதிவை எழுத்தில் வடித்தவர் யார், அவர் எந்த வட்டார வழக்கை அறிந்தவர், மொழிபெயர்ப்பு எவ்வாறு சரிபார்க்கப்பட்டது என்னும் வினாக்களுக்கு இவ்வளவுகோல்களில் இடமில்லை.

அறிவியல் உலகிலும் குரலே முதலிடம் பெற்றது. 1962-இல் லாரன்ஸ் கெர்ஸ்டா, கைரேகையைப் போலவே குரலின் நிறமாலை வரைவைக் கொண்டும் ஒருவரை இனங்காணலாம் என்றார். 1979-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை இம்முறையின் நம்பகத்தன்மை போதிய அளவு நிறுவப்படவில்லை என்றது. 2007-இல் பன்னாட்டுத் தடய ஒலியியல் சங்கம் குரல்ரேகை முறையை ஏற்கத்தக்கதன்று எனத் தீர்மானித்தது. குரலுக்கு நேர்ந்த இத்தகைய கடுஞ்சோதனை, எழுத்துப்படிக்கு இங்கு நேரவில்லை.

இரண்டாம் வினா முதல் வினாவுக்கே ஒளி தரும் என்பதற்கும் மும்பையிலேயே சான்றுண்டு. 2008 நவம்பர்த் தாக்குதலின்போது பதிவான தொலைபேசி உரையாடல்களில் ‘பிரஷாசன்’ என்னும் சொல் இடம்பெற்றதால், பேசியவருள் ஒருவர் இந்தியராக இருக்கலாம் என ஐயம் எழுந்ததாக 2012-இல் செய்திகள் வெளிவந்தன. நிருவாகத்தைக் குறிக்கும் இவ்வடசொல் இந்தி வழக்கிற்கு உரியது. பாகிஸ்தானிய உருதுவில் இயல்பாக வழங்காதது.

2. ‘வந்தா’ என்னும் வடிவம்

தாராவித் தமிழருள் பலர் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகக் குடியேறியோரின் வழிவந்தவர்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அவ்வழக்கோடு தஞ்சை, பாலக்காட்டுப் பிராமணர் வழக்குகளும் கேட்கின்றன. எனவே ‘மும்பைத் தமிழ்’ என்பது ஒரே வழக்கன்று.

பேச்சுத்தமிழில் ‘வந்தான்’ என்பதன் இறுதி னகரம் தனி மெய்யாக ஒலிப்பதில்லை. முன்னுள்ள ஆகாரம் மூக்கொலிச் சாயல் பெறுகிறது. ‘வந்தாள்’, ‘வந்தால்’ ஆகிய இரண்டும் இறுதி மெய் கெட்டு ‘வந்தா’ என நிற்கின்றன. பிராமணர் வழக்கில் ‘அவா வந்தா’ என்பது ‘அவர்கள் வந்தார்கள்’ எனவும் பொருள்படும். எழுவாய் தொக்கு நிற்கும் தொடரில் வந்தவன் ஆணா, பெண்ணா, பலரா, அன்றி இது வெறும் நிபந்தனையா என்பதை வினையின் ஈறே காட்டவேண்டும். ஆண்பாலைப் பிரித்துக் காட்டுவதோ மூக்கொலிச் சாயல் ஒன்றே.

மரபான தொலைபேசித் தடம் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்களையே கடத்துகிறது. மூக்கொலிச் சாயலின் முதன்மைக் குறிகளுள் சில இந்தக் கீழெல்லையை ஒட்டியும் அதற்குக் கீழும் அமைவன. ஆகவே, வேறுபாடு காட்டவேண்டிய கூறே தடத்தில் நலிவுறுகிறது. இந்நிலையில் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘அவன் வந்தான்’ என ஐயமின்றி எழுதுமாயின், பதிவில் உறுதிப்படாத ஒன்று வழக்குக் கோப்பில் உறுதிப்பட்டுவிடுகிறது. வினா ஈறு சேருமிடத்து ‘வந்தானா’, ‘வந்தாளா’ எனவும், உம்மை சேருமிடத்து ‘வந்தாலும்’ எனவும் மறைந்த மெய் மீண்டும் தோன்றும். அதே பதிவில் இத்தகைய இடங்களைத் தேடி ஒப்பிடுவது மொழியியலார் செய்யத்தக்க பணி.

3. ‘காலி’ என்னும் சொல்

குடியிருப்பு மறுசீரமைப்புப் பற்றிய பேச்சு நெடுநாளாக நிலவும் தாராவியில் ‘காலி பண்ணிடுவேன்’ என்பது அன்றாடத் தொடர். செயப்படுபொருள் தொக்கு நிற்கையில் வீட்டைவிட்டு வெளியேறுவேன் எனவும், ஆளைத் தீர்த்துவிடுவேன் எனவும் இது இருபொருள்படும். இந்தியில் வெறுமையைக் குறிக்கும் ‘காலி’யும் வசைமொழியைக் குறிக்கும் ‘காலி’யும் முதலொலியால் வேறுபடுபவை, முன்னது மூச்சொலி சேர்ந்த வல்லொலி, பின்னது குரலொலி. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே. இந்தி கலந்து பேசும் மும்பைத் தமிழைத் தமிழெழுத்தில் மட்டும் வடிக்கும் எழுத்துப்படி, பதிவில் தெளிவாகக் கேட்கும் வேறுபாட்டையும் இழந்துவிடுகிறது. தேவநாகரியில் எழுதினால் இவ்வேறுபாடு காக்கப்படும். ஆயின் தமிழின் ழகர, றகரங்களுக்கு இடர் நேரும்.

ஒருமுறை எழுதப்பட்ட எழுத்துப்படி, பின்னர்க் கேட்போரின் செவியையும் ஆள்கிறது. நியூசிலாந்தில் டேவிட் பெய்ன் வழக்கில், 1994-ஆம் ஆண்டின் அவசர அழைப்பொன்றில் இருந்த ஒலித்துண்டு குற்ற ஒப்புதலா, வெறும் மூச்சொலியா என்னும் விவாதம் எழுந்தது. 2009-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அத்துண்டை மறுவிசாரணையிலிருந்து விலக்கியது. அப்பதிவைக் கொண்டு ஹெலன் ஃபிரேசர் நடத்திய சோதனைகளில், தாமாகக் கேட்டபோது அச்சொற்களை உணராதோருட் பலர், சொற்கள் முன்மொழியப்பட்டபின் அவற்றைக் கேட்டதாகக் கூறினர்.

4. குரல் மாதிரியும் இரட்டை வழக்கும்

நடுவர் ஆணையின்பேரில் குரல் மாதிரி பெறலாம் என்பதை ரித்தேஷ் சின்ஹா வழக்கில் (2019) உச்சநீதிமன்றம் அறுதியிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 349-ஆம் பிரிவு இதற்கு வெளிப்படையாக இடமளிக்கிறது. சுதிர் சௌத்ரி வழக்கில் (2016), குற்றஞ்சாட்டும் உரையாடலின் தொடர்கள் படிப்புரையில் இருத்தலாகாது, சொற்கள் இருக்கலாம் என முடிவாயிற்று. அங்கு மாதிரி என்பது வாசிப்பாகவே கொள்ளப்பட்டது. தமிழர் ஒருவர் எழுதியதை வாசிக்கும்போது ‘வந்தான்’ என னகரம் ஒலிக்க வாசிப்பார். பேசும்போது அவ்வாறு ஒலிப்பதில்லை. தமிழெழுத்து அறியாத மும்பைத் தமிழருக்கோ வாசிப்பு முறையே பொருந்தாது. இயல்பான உரையாடலாகப் பெறும் மாதிரியே தமிழில் ஒப்பீட்டுக்கு உரியது.

5. முடிவு

தமிழ் ஒலிப்பதிவின் எழுத்துப்படியை வழக்கு விவரம் அறியாத இருவர் தனித்தனியே உருவாக்குதல் வேண்டும். அவருள் ஒருவரேனும் பேசுவோரின் வட்டார வழக்கை அறிந்தவராதல் வேண்டும். பேச்சு வடிவம் எழுத்துத்தமிழாகத் திருத்தப்படாமல் ஒலிக்குறியீட்டுடன் அமைதல் வேண்டும். ஐயமான இடங்கள் மொழிபெயர்ப்பிலும் ஐயமாகவே குறிக்கப்படுதல் வேண்டும். மூல ஒலியும் எழுத்துப்படியும் மொழிபெயர்ப்பும் எதிர்த்தரப்பினர் ஒப்பிட்டு நோக்குமாறு ஒருங்கே வழங்கப்படுதல் வேண்டும். மும்பையின் கலினாவிலுள்ள தடய அறிவியல் ஆய்வகம் போன்றவற்றின் குரல் ஆய்வுப் பிரிவுகளோடு மொழியியல் துறைகள் இணைந்து இப்பணியை மேற்கொள்ளலாம். ஒரு மெய்யெழுத்தின் இருப்பும் இன்மையும் ஒருவரது விடுதலையை முடிவுசெய்யக்கூடிய களத்தில், அம்மெய்யை ஆராயும் பொறுப்பு மொழியியலாருடையதாகும்.