தொடுவானத்தை எங்கே வைப்பது?

கிராமத்தை வரைய உட்காரும் புதிய காமிக்ஸ் ஓவியர் வழக்கமாக ஒரு வீட்டில் தொடங்குவார். அப்புறம் மரம், வேலி, மாடு என்று ஒவ்வொன்றாகச் சேரும். தாள் நிறைந்துவிடும், ஊரின் மனநிலை மட்டும் அதில் இருக்காது. தொடுவானம் எந்த உயரத்தில், கறுப்பு எங்கே திரள வேண்டும், ஆள் எவ்வளவு சிறியவன் என்பதெல்லாம் தீப்பெட்டி அளவு மாதிரிப் படத்திலேயே முடிவாக வேண்டியவை. இலையும் ஓடும் அதற்குப் பிறகுதான்.

கனடிய ஓவியர் ஜெஃப் லெமிரின் 'எசெக்ஸ் கவுண்டி' தென்மேற்கு ஒன்டாரியோவின் தட்டையான வயல்வெளியில் நடக்கிறது. அவர் வளர்ந்த மண்ணே அதுதான். தாயை இழந்து மாமன் பண்ணைக்கு வந்த பத்து வயதுச் சிறுவன் லெஸ்டரின் தனிமையை விளக்க அங்கே வசனம் அதிகம் வேண்டியதில்லை. பரந்த வானத்துக்குக் கீழே சிறுவனைச் சிறிதாக நிறுத்தினால் போதும்.

பெல்ஜியத்தின் திதியே கொமெஸ் வேறு வழியில் போனார். 1980இல் நூலாக வந்து, மறு ஆண்டு பிரான்சின் அங்குலேம் காமிக்ஸ் விழாவில் பரிசு பெற்ற அவருடைய 'சைலன்ஸ்', ஆர்டென் பகுதிக் கிராமமொன்றில் வாழும் பேச முடியாத ஓர் இளைஞனின் கதை. முழுக்கக் கறுப்பு வெள்ளை. நடுவே சாம்பல் நிறம் கிடையாது. இந்த முறையில் பனியை வரைய முடியாது, மை படாமல் விட்டுவைக்கத்தான் முடியும். ஆகவே எந்த இடத்தைத் தொடக்கூடாது என்று தூரிகையை நனைக்கும் முன்பே ஓவியர் அறிந்திருக்க வேண்டும். நாயகனே வாய் பேசாதவன் என்பதால், சொல்ல வேண்டியவற்றில் பெரும்பங்கை அந்தக் கறுப்புத் திரள்களே சுமக்கின்றன. கிராமத்து இரவை இவ்வளவு துணிச்சலாகக் கையாண்ட காமிக்ஸ் மிகச் சில.

ஜப்பானில் ஷிகெரு மிசுகி இதற்கு நேரெதிர். போரில் இடக்கையை இழந்த அவருடைய பக்கங்களில் மனிதர்கள் நாலைந்து கோடுகளில் அடங்கிவிடுவார்கள். பின்னாலிருக்கும் மரப்பட்டையும் கூரையும் புதரும் நுண்ணிய கோடுகளாலும் புள்ளிகளாலும் அடர்ந்து நிற்கும். எளிய முகம் வாசகரை உள்ளே அழைக்கிறது, அடர்ந்த காடு அவரை அங்கேயே பிடித்து வைக்கிறது. 1966இல் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த யோஷிஹாரு சுகே இந்தப் பாடத்தை நன்றாகவே உள்வாங்கினார். தொலைதூர வெந்நீர் ஊற்றுக் கிராமங்களில் அலைந்து திரிந்தவர் அவர். 1967இல் 'காரோ' இதழில் வெளியான 'சிவப்புப் பூக்கள்' கதையில் ஓடை, செடிகொடி, கோடை வெக்கை எல்லாம் கதைமாந்தரின் மனத்தோடு பின்னிக்கிடக்கின்றன.

இவர்களைப் படித்துவிட்டு மழைக்கு முந்தைய ஒரு வயல்பாதையைத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் மூன்றே தொனிகள்: கறுப்பு, சாம்பல், வெள்ளை. அருகிலிருக்கும் வேலிக்கால் முழுக் கறுப்பு. பாதை சாம்பல். தூரத்துக் குன்றுக்குக் கோடு மெலிய வேண்டும், ஒளி நிழல் வேறுபாடும் குறைய வேண்டும். காற்றின் ஈரம் தெரிவது அங்கேதான். வசன பலூனுக்கான இடத்தையும் இப்போதே ஒதுக்கிவிட வேண்டும். பலர் இதை மறந்து, கடைசியில் தாங்கள் பார்த்துப் பார்த்துத் தீட்டிய மேகத்தின் மேலேயே பலூனை ஒட்டிவிடுகிறார்கள். அது வருத்தம் தரும் இழப்பு.

காட்சியை மட்டும் கவனித்தால் போதாது என்பதற்கு எத்தியென் தவொதோவின் 'ரூரல்!' (2001) நல்ல சான்று. பிரான்சின் ஆன்ஜூ பகுதியில் இயற்கை வேளாண்மைக்கு மாறிய மூன்று பால்பண்ணை விவசாயிகள், அவர்கள் நிலத்தை ஊடுருவி வரும் நெடுஞ்சாலை, இவை இரண்டும்தான் கதை. தவொதோ அவர்களோடு பழகி, அவர்கள் வேலையைப் பார்த்து வரைந்தார். அதனால் அவர் படங்களில் மேய்ச்சல் நிலம் அழகான பின்புலமாக ஒதுங்கி நிற்பதில்லை. யார் எதை இழக்கப் போகிறார்கள் என்பதும் அதே கோடுகளில் தெரிகிறது.