தூரத்துப் பச்சையும் நமது பயணக் கட்டுரைகளும்

பயண இலக்கியம் இந்நாட்டு முஸ்லிம் எழுத்தாளருக்குப் புதிய துறையன்று. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1960களிலேயே 'மிஸ்ரின் வசியம்', 'கிழக்காபிரிக்கக் காட்சிகள்' ஆகிய நூல்களைத் தந்துவிட்டார். ஹஜ் அனுபவங்கள், தமிழகப் பயணங்கள் என்று அதன் பின்னரும் எழுதப்பட்டே வந்துள்ளன. ஆனால் கடல் தாண்டினால் கண் திறக்கும் நமது எழுத்தாளர், சொந்த நாட்டுக்குள் பயணம் போகும்போது மாத்திரம் ஏனோ பாடசாலைச் சுற்றுலாக் கட்டுரைக்குத் திரும்பிவிடுகிறார். ஊவா பற்றி எழுதப்படுபவை இதற்குத் தக்க சான்று. இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

இக்கட்டுரைகளுக்கு ஓர் அச்சு உண்டு. அதிகாலையில் வாகனம் புறப்படும். துன்ஹிந்த நீர்வீழ்ச்சி 64 மீற்றர் உயரத்திலிருந்து வெண்பட்டாய் விழும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, 1921இல் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது புகையிரதம் வரும், படம் எடுக்கப்படும். தேயிலை மலைகள் பச்சைக் கம்பளம் விரித்திருக்கும். ஈற்றில் படைத்தவனைப் புகழ்ந்து கட்டுரை நிறைவுறும்.

படைத்தவனைப் புகழ்வதில் ஆட்சேபம் யாருக்கு உண்டு? கம்பளம் என்பதில்தான் ஆட்சேபம். அருவி தானாக விழுகிறது. தேயிலை தானாக முளைக்கவில்லை. காட்டை வெட்டிக் கோப்பி நட்டதும், 1869இல் தொடங்கிய நோயினால் கோப்பி அழிய, அதன் இடத்தில் தேயிலை நட்டதும் மனிதக் கைகள். தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அம்மக்களின் சந்ததியில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. கம்பளம் என்று எழுதிய மாத்திரத்தே இவ்வரலாறு முழுவதும் அதன் அடியில் மறைந்துவிடுகிறது.

கோகிலம் சுப்பையா தோட்டத் தொழிலாளர் வாழ்வை நாவலாக்கியபோது (1964) அதற்குத் 'தூரத்துப் பச்சை' என்று பெயரிட்டார். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. அத்தலைப்பே நமது பயணக் கட்டுரைகள் மீதான விமர்சனமாகவும் அமைந்துவிட்டது.

லுணுகலையை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்புப் பக்கமிருந்து மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறுவோர் இவ்வூரைத் தாண்டியே பசறைக்குப் போகவேண்டும். கிழக்கிலிருந்து மலைநாடு பார்க்க வரும் நம்மவர் இங்கே இறங்கித் தேநீர் குடிக்கின்றனர், தொழுகின்றனர். எழுத்தில் மட்டும் இவ்வூர் இடம்பெறாது. அது 'பார்க்கத்தக்க இடம்' அல்லவாம்! வீதியின் வளைவுகள் மாத்திரம் திகில் அனுபவமாக ஒரு வரி பெறும். அதே வீதியில் 2021 மார்ச் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ்வண்டி பசறைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நமக்கு ஒருநாள் திகில்; இவ்வூராருக்கோ ஆஸ்பத்திரிக்கும் தொழிலுக்கும் போகும் வழி.

நமது பயண இலக்கியத்தின் மூதாதை எனத்தக்க இப்னு பதூதா 1344இல் இலங்கை வந்தார். பாவாத மலையைத் தரிசிப்பதே அவர் நோக்கம். ஆயினும் அவர் மலையை மட்டும் எழுதவில்லை. வழியில் மரங்களிலும் புல்லிலும் இருந்து தாவும் அட்டையையும், அதன்மீது பிழிவதற்கு ஊர்மக்கள் எலுமிச்சையை ஆயத்தமாக வைத்திருந்ததையும் குறித்துவைத்தார். ஏறத்தாழ 680 ஆண்டுகள் கடந்தும், மழை நாளில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் காலில் அட்டை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அன்றைய பயணி கண்டதை இன்றைய பயணி காணவில்லை. அவளோடு நின்று இரண்டு வார்த்தை பேசியிருந்தால் கண்டிருப்பார்.

பூமியில் பயணம் செய்து, முன்வாழ்ந்தோரின் முடிவைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் தூண்டுகிறது. காட்சியோடு நின்றுவிடும் பார்வை அதற்குப் போதாது.

அருவியை எழுதவேண்டாம் என்பதல்ல எனது வாதம். அதன் அருகே வாழ்வோரின் பெயரும் பேச்சும் பாடும் இல்லாத கட்டுரை, படங்களுக்கு எழுதிய குறிப்பாகவே எஞ்சும் என்பதே. அடுத்த முறை லுணுகலையில் தேநீர் குடிக்கும் நம் எழுத்தாளர், இந்தக் கொழுந்து எந்தத் தோட்டத்தில் பறித்தது என்று கடைக்காரரிடம் கேட்கட்டும். கட்டுரை அக்கேள்வியிலிருந்து தொடங்கலாம்.