விருந்து வந்தால் கோபம் எங்கே போகிறது?

நற்றிணையின் 120ஆம் பாடலை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். மருதத்திணை, மாங்குடி கிழார் பாடியது. கணவன் மேல் மனைவிக்குக் கோபம். காரணம் மருதத்தில் வழக்கமான காரணம்தான். அவள் அடுக்களையில் புகைக்கு நடுவே நின்று சமைக்கிறாள். நெற்றி வியர்வையைத் தலைப்பால் துடைத்துக்கொள்கிறாள். உள்ளே போக அவனுக்குத் துணிவில்லை. யாராவது விருந்தாளி வந்து தொலைக்கக் கூடாதா என்று ஏங்குகிறான். வந்துவிட்டால் அவள் கோபத்தை மறைத்துக்கொண்டு சிரித்துத்தான் ஆகவேண்டும். அந்தச் சிரிப்பில் அவனும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளலாம். “எங்கப்பா மாதிரியே இருக்கு மேடம்” என்று வருஷத்துக்கு ஒரு மாணவியாவது சொல்லிவிடுவாள். சிரிப்பு அடங்கியதும் நான் கேட்பது இதைத்தான்: அந்தக் கோபம் எங்கே போனது?

தொல்காப்பியம் ஊடல் தீர்க்கும் வாயில்களாகப் பன்னிரண்டு பேரைச் சொல்கிறது. தோழி, பாணன், விறலி என்று போகும் அந்த வரிசையில் விருந்தினரும் உண்டு. நம் உரை மரபு இதை இல்லறத்தின் மாண்பு என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடும். ஆய்வு மாணவியாக இருந்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன். பாடலில் பேசுகிறவன் கணவன், புகையில் நிற்பவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது உறைக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. குறுந்தொகை 167இல் பேசுகிறவள் செவிலி, பெண்தான். அங்கும் தயிர் பிசைந்த விரலோடும் தாளிப்புப் புகை ஏறிய கண்ணோடும் ஒருத்தி சமைக்கிறாள். அவன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறான், அவள் முகம் மெல்ல மலர்கிறது. அவளுக்குக் கிடைத்த கூலி அந்த ஒற்றைச் சொல். நல்ல கவிதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்ல கவிதையாக இருப்பதுதான் சிக்கல்.

இந்தப் பாடல்களை நான் மறுபடி படித்தது ஒரு பிரெஞ்சு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு. சில வருஷங்களுக்கு முன் மேற்படிப்புக்குப் போயிருந்த என் பழைய மாணவியைப் பார்க்க, பிரான்சின் நடுப்பகுதியில் இருக்கும் கிளேர்மோன் ஃபெரான் நகருக்குப் போனேன். எரிமலைக் கல்லால் கட்டிய கறுப்புத் தேவாலயம் உள்ள ஊர். மாணவி ஒரு வயதான தம்பதியின் வீட்டு மாடியில் குடியிருந்தாள். அவளுடைய ஆசிரியர் வந்திருக்கிறார் என்று என்னை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். கணவர் டயர் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர்.

முதலில் குடிக்க ஏதோ ஒன்று, கொறிக்க உப்புக் கடலை. பிறகு அந்த மலைப்பகுதியில் விளையும் புய் என்கிற சிறிய பச்சைப் பருப்பை வேகவைத்து வினிகரும் வெங்காயமும் கலந்த சாலட். அதன் பிறகு கணவர் எழுந்தார். மெல்லிசாகச் சீவிய உருளைக்கிழங்கைப் பன்றிக் கொழுப்பில் வதக்கி, அன்று வாங்கிய இளம் சீஸைப் போட்டு, நூல் நூலாக இழுபடும்வரை கிளறினார். த்ருஃபாத் என்று பெயர். வாணலியோடு மேசைக்குக் கொண்டுவந்தபோது எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். ருசியை இங்கே விவரிக்கப் போவதில்லை. அதற்குப் பயணக் கட்டுரைகள் இருக்கின்றன. மூன்று மணி நேரம் நீண்ட அந்தச் சாப்பாட்டில் அவர் எழுந்தது அந்த ஒரு முறைதான்.

மனைவி எத்தனை முறை எழுந்தார் என்று நான் எண்ணத் தொடங்கியபோதே ஏழெட்டு முறை ஆகியிருக்கும். தட்டு மாற்ற, ரொட்டி அறுக்க, கீரை சாலட் எடுக்க, சான் நெக்தேர் சீஸைக் குளிர் போகட்டும் என்று முன்கூட்டியே எடுத்துவைக்க, அடுப்பிலிருந்து பிளம்ஸ் பழ இனிப்பை இறக்க. காலையில் சந்தைக்குப் போனதும் அவர்தான். என் மாணவியும் பாவம், மொழிபெயர்த்துக்கொண்டே இருந்ததில் அவள் தட்டு ஆறிப்போயிற்று. கூடம் பெரிய சன்னல் வழியாகப் புய் தெ தோம் எரிமலையைப் பார்த்திருந்தது. சமையலறைச் சன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்திருந்தது. எனக்கு அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ நினைவுக்கு வந்தது. அந்தக் கதையிலும் வீடே சாப்பாட்டில் திளைக்கும், சமையலறைக்கு மட்டும் மலை தெரியாது.

நான் தட்டுகளை எடுக்கப் போனேன். உட்காருங்கள், நீங்கள் விருந்தாளி என்றார்கள். விருந்தாளி என்ற சொல் ஒரு பெண்ணை இன்னொரு பெண்ணின் அடுக்களையிலிருந்து விலக்கி வைக்கும் விதத்தை அன்றுதான் உணர்ந்தேன். கேட்காமல் போனேன். சிங்கின் முன்னால் நின்றபடி அந்த அம்மா நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார்: “நீங்கள் எழுத்தாளராமே. இதை எழுதுவீர்களா? எழுதினால், எனக்குக் களைப்பாக இருந்தது என்றும் எழுதுங்கள்.”

எழுதிவிட்டேன். இனி, பொதுவாக அது ஏன் எழுதப்படுவதில்லை என்று பார்க்கலாம்.

‘பிரெஞ்சுக்காரர்களின் விருந்துணவு’ 2010இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. முன் பானம், தொடக்க உணவு, மீனோ இறைச்சியோ காய்கறியோடு, சீஸ், இனிப்பு, கடைசியில் இன்னொரு பானம் என்று வரிசையை அது சொல்கிறது. மேசை அலங்காரத்தைச் சொல்கிறது, சேர்ந்திருத்தலைச் சொல்கிறது. பாத்திரம் யார் துலக்குவது என்பது மரபில் சேர்த்தியில்லை. ஊர்க்காரர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதை எழுதும் பயணிகளும் இதே ஒழுங்கில்தான் எழுதுகிறார்கள்: மெழுகுவர்த்தி, வைன், ‘அந்நியோன்னியம்’. அந்த அந்நியோன்னியம் தானாக மேசைக்கு வந்து உட்காருவதில்லை. அதை ஒருத்தி எழுந்து எழுந்து பரிமாறுகிறாள்.

பெண்களே எழுதினாலும் இது முழுக்க மாறிவிடுவதில்லை. கெர்ட்ரூட் ஸ்டைனோடு பாரிஸில் வாழ்ந்த ஆலிஸ் பி. டோக்ளஸ் 1954இல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். மேதைகள் வந்து சாப்பிட்ட வீடு அது. டோக்ளஸ் ஓர் இயலையே வேலைக்காரர்களுக்கு ஒதுக்கியது பெரிய விஷயம். அதில் பிரெஞ்சுக் காலனியாக இருந்த இந்தோசீனாவிலிருந்து வந்த சமையல்காரர்கள் வருகிறார்கள். ஆனால் வேடிக்கை மனிதர்களாக, எஜமானியின் கண் வழியாகவே வருகிறார்கள். வியட்நாமில் பிறந்த மோனிக் துருவாங் 2003இல் எழுதிய ‘தி புக் ஆஃப் சால்ட்’ நாவல் அந்த வீட்டுச் சமையல்காரனையே கதைசொல்லியாக்கியது. மேசையில் கேட்காத பேச்சு அடுப்படியில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அதை மாணவிகள் வாசிக்க வேண்டும். நற்றிணைப் பெண்ணுக்கு அப்படி ஒரு நாவல் இன்னும் வரவில்லை.

ஆண்கள் சமைப்பதே இல்லையா என்று கேட்பார்கள். சமைக்கிறார்கள், கைதட்டலும் வாங்குகிறார்கள். உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் வழிகாட்டி 1900இல் தொடங்கியது. கிளேர்மோன் ஃபெரானின் டயர் கம்பெனி, கார் வைத்திருப்பவர்கள் நிறைய ஊர் சுற்றினால் டயர் தேயும் என்ற கணக்கில் இலவசமாகக் கொடுத்த சிறு புத்தகம் அது. 1926இல் நட்சத்திரம் வந்தது. மூன்று நட்சத்திரம் என்றால் அந்தச் சாப்பாட்டுக்காகவே பயணம் போகலாம் என்று பொருள். 1933இல் இரண்டு உணவகங்களுக்கும் மும்மூன்று நட்சத்திரம் பெற்றவர் லியோன் நகரத்து யூஜெனி பிராசியே. பண்ணையில் வேலை செய்து வளர்ந்தவர், திருமணமாகாமல் பிள்ளை பெற்றவர், வீட்டு வேலைக்காரியாக நகரத்துக்கு வந்தவர். ஊர் அவரை ‘அம்மா பிராசியே’ என்றுதான் அழைத்தது. அவர் அடுப்படியில் வேலை கற்ற போல் பொக்யூஸை உலகம் மாபெரும் சமையல் கலைஞர் என்றது. அவள் சமைத்தால் அம்மா, அவன் சமைத்தால் கலை. மூன்று நட்சத்திரம் பெற்ற நான்காவது பிரெஞ்சுப் பெண் ஆன் சோஃபி பிக். அது 2007இல்.

இந்த டயர் கணக்கு எனக்குச் சும்மா நினைவுக்கு வரவில்லை. நான் தட்டுகளை எடுக்கப் போவதற்கு முன், சீஸுக்கும் இனிப்புக்கும் நடுவில், மேசையில் இன்னொன்று நடந்தது. உங்கள் ஊர் எது என்று கணவர் கேட்டார். சென்னைக்கு வடக்கே என்று மாணவி பொதுவாகச் சொன்னாள். பிறகு, யாருக்கும் தெரியப் போவதில்லை என்ற தைரியத்தில், கும்மிடிப்பூண்டி என்றாள். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “தெர்வுவா?” என்றார்.

தேர்வாய்கண்டிகையைச் சொன்னார். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். அதைச் சுற்றி ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு எடுக்கப்பட்டது. அரசு ஆவணத்தில் அது அரசு நிலம். ஊர்க்காரர்களுக்கு மாடு மேய்ந்த, விறகு பொறுக்கிய, மூலிகை பறித்த காடு. மக்கள் போராடினார்கள், கைதானார்கள். 2009இல் மிஷலின் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. 2012இல் ஊர்ச் சங்கமும் தமிழ்நாட்டின் நில உரிமை அமைப்பும் பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓஇசிடி நெறிமுறைகளின்கீழ்ப் பிரான்ஸ் அரசின் தொடர்பு மையத்தில் புகார் கொடுத்தன. புகார் கொடுத்தவர்களில் சிஜிடி தொழிற்சங்கமும் ஒன்று. அவர் அந்தச் சங்கத்து ஆள். துண்டறிக்கையில் படம் பார்த்திருக்கிறார், ஆடுகளோடு பெண்கள் நிற்கும் படம். 2013இல் வந்த முடிவு நிறுவனத்தின்மேல் பெரிய குற்றம் காணவில்லை, சில பரிந்துரைகளோடு முடிந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. “அந்தப் பெண்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு பஸ் தூரத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தும் நான் அந்த ஊருக்குப் போனதில்லை. மாணவி மொழிபெயர்க்கக் காத்திருந்தாள், நான் சிரித்து வைத்தேன். விருந்தாளிக்கும் அந்தச் சிரிப்புதான் வருகிறது. அந்த நேரத்தில் பழ இனிப்பு வந்து என்னைக் காப்பாற்றியது.

அன்னியர் வீட்டுச் சாப்பாட்டுக்கு விமானம் ஏறிப் போகிற நாம் நம் ஊரில் யார் வீட்டில் சாப்பிட்டிருக்கிறோம்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு வாடகைக்கு விடுவோம், மளிகை விற்போம். நம் வீட்டுக்குச் சாப்பிட வா என்று சொன்னதாக எனக்குத் தெரிந்து யாருமில்லை. காலனிக்குள் போய்ச் சாப்பிடுவது பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் பிறந்த சாதியில் விருந்தோம்பல் அதிகாரத்தை மனப்பாடம் செய்யாத பிள்ளையும் இல்லை, காலனியில் தண்ணீர் வாங்கிக் குடித்த பெரியவரும் இல்லை.

ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்துத் தேர்வாய்க்குப் போனேன், அங்கே உறவு உள்ள ஒரு மாணவியோடு. ஒரு வீட்டில் எங்களை உட்காரச் சொன்னார்கள். மத்தியான நேரம். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. சாப்பிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மாணவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னிடம் கேட்டார்: “எங்க வீட்ல சாப்புடுவீங்களாம்மா?”

பழைய இலக்கியத்தில் விருந்தினரை எதிர்கொள்வது பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். விருந்தளிப்பவர் இப்படி அனுமதி கேட்க வேண்டியிருக்கும் ஒரு வீட்டை அதில் நான் பார்த்ததில்லை. சாப்பிடுவேன் என்றேன். குரல் சரியாக வரவில்லை.

கேஸ் சிலிண்டர் தீர்ந்திருந்தது, விறகடுப்பில்தான் சமையல். விறகையும் இப்போது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்றார். நான் எழுந்து அடுப்படிப் பக்கம் போனேன். “உள்ள ஒரே பொகம்மா, வெளியவே குந்துங்க” என்றார். மனைப்பலகை இல்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்து, அவர் நீட்டிய பூண்டை வாங்கி உரித்தேன். எனக்குக் கண் எரிந்தது. அவர் அடுப்பை ஊதிவிட்டு, மாடு எத்தனை இருந்தது, எந்தப் பக்கம் ஓட்டிப்போவார்கள், எதை எதை எப்போது விற்றார்கள் என்று சொல்லத் தொடங்கினார். சொல்லும்போது ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.