முதல் பில் யார் பேரில்?

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பத்து ரூபாய் வந்துவிட்டதென்று அது தமிழில் சொன்ன பிறகே மாஸ்டர் அடுத்த கிளாஸைக் கழுவப் போகிறார். பெட்டிக்குக் கடைக்காரர் கட்டும் மாத வாடகை நொய்டாவுக்கோ பெங்களூருக்கோ போய்ச் சேர்கிறது. ஞாயிறு ராத்திரி கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு முதுகுப்பையோடு நிற்பவர்களில் இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் நிறைய. வாங்குகிற பக்கம் நின்று பார்த்தால், ஸ்டார்ட்அப் என்பது மதுரைக்குப் பழகிப்போன சங்கதி. விற்கிற பக்கம்தான் நாம் இன்னும் தடுமாறுகிறோம்.

முயற்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2016 ஜனவரியில் மத்திய அரசு 'ஸ்டார்ட்அப் இந்தியா'வைத் தொடங்கியது. பிறகு தமிழக அரசும் தனிக் கொள்கை வெளியிட்டது. அரசு மதுரைப் பக்கம் திரும்பும் முன்பே 'நேட்டிவ்லீட்' என்ற அமைப்பு இங்கே உள்ளூர் முதலீட்டாளர்களையும் புதுத் தொழில்காரர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச வைத்தது. அதை நடத்திய சிவராஜா ராமநாதனே பிறகு மாநில அரசின் 'ஸ்டார்ட்அப் டிஎன்' அமைப்பின் தலைமைப் பொறுப்புக்குப் போனார். அதன் வட்டார மையம் மதுரைக்கு வந்தது. ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் நபார்டு துணையுடன் வேளாண் தொழில்முனைவோருக்கென 'மாபிஃப்' என்ற மையம் இயங்குகிறது.

இந்த ஏற்பாடுகளில் எனக்கு உண்மையிலேயே மதிப்புள்ளதாகப் படுவது, பணம் வரும் வழி மாறியிருப்பதுதான். மதுரைச் சீமையில் மூலதனம் என்பது நெடுங்காலம் சொந்தபந்தத்துக்குள்ளேயே சுற்றிய சரக்கு. மாமன் கடையில் நின்று தொழில் பழகி, சாதிச் சங்கத்தின் தயவிலோ மாமனார் கொடுத்த முதலிலோ தனிக்கடை போடுவார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே பிறந்தவனுக்குக் கந்துவட்டிதான் கதி. மாநில அரசின் 'டான்சீட்' திட்டம் 10 லட்சம் ரூபாயை, பெண்கள் நடத்தும் நிறுவனம் போன்ற சிலவற்றுக்கு 15 லட்சத்தை, சிறு பங்குக்கு ஈடாகக் கொடுக்கிறது, அடமானம் கேட்பதில்லை. பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கென 2022-23இல் 30 கோடி ரூபாயில் தனி நிதி தொடங்கியது இதைவிடப் பெரிய காரியம். ஸ்டார்ட்அப் விழா மேடைகளில் இதைப் பற்றி அதிகம் பேச்சு இல்லை என்பது வேறு விஷயம்.

குறை தொடங்குவது கணக்கு எடுக்கும் இடத்தில். தமிழ்நாட்டில் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்கள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன என்கிறார்கள். அந்த அங்கீகாரம் ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கும் சான்றிதழ். கம்பெனி பதிந்திருக்க வேண்டும், செய்வதில் புதுமை உண்டென்று எழுதிக் காட்ட வேண்டும். ஒரு பில்லாவது போட்டிருக்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரிகளுக்கும் புத்தாக்க மதிப்பெண் தேவை. ஆகவே கடைசி வருட புராஜெக்ட் கம்பெனியாகப் பதிவாகி, பிட்ச் போட்டியில் ஷீல்டு வாங்கி, பட்டமளிப்பு விழா முடிந்ததும் உயிரை விடுகிறது.

இதற்கு மதுரைக்கு அருகிலேயே ஒரு முன்கதை உண்டு. 2001இல் மேலூர் தாலுகா கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐஐடியின் கண்டுபிடிப்பான 'கார்டெக்ட்' கம்பியில்லாத் தொழில்நுட்பம், அங்கே பிறந்த 'என்-லாக்' நிறுவனம், எம்ஐடி, ஹார்வர்டு என்று பெரிய கூட்டணி. கிராமத்தில் உட்கார்ந்தபடியே தாலுகா ஆபீசுக்கு மனு அனுப்பலாம்; கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்கலாம். உலகத்துப் பத்திரிகைகள் மேலூரைப் பற்றி எழுதின. சில ஆண்டுகளில் மையங்களில் பெரும்பகுதி மூடிக் கிடந்தது. கருவி ஓரளவு வேலை செய்தது. கடன் வாங்கி மையம் வைத்தவருக்குத்தான் மாத வருமானம் கட்டுபடியாகவில்லை. மனுவுக்குப் பதில் வரும்வரைதான் ஜனங்கள் காசு கொடுத்து மனு அனுப்புவார்கள். ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அந்தச் சேவை படுத்துவிட்டது. இன்று தெருவுக்குத் தெரு இருக்கும் இ-சேவை மையம் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது. பின்னால் அரசாணை இருப்பதால் பிழைக்கிறது.

இதற்கு நேர் எதிர், அதே அரவிந்த் குடும்பத்தின் ஆரோலேப். 1992இல் மதுரையில் தொடங்கியது. அப்போது இறக்குமதி உள்விழி லென்ஸ் ஒன்று 100 டாலர் அளவுக்கு விற்றது. ஆரோலேப் அதைச் சுமார் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கொண்டுவந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. திறமையும் வெளிநாட்டு நண்பர்களின் தொழில்நுட்ப உதவியும் இருந்தன, சரி. ஆனால் முதல் லென்ஸ் தயாராகும்போதே அதை வாங்க ஓர் ஆஸ்பத்திரி காத்திருந்தது. குறை சொல்லவும், திருத்தித் தரச் சொல்லிக் கேட்கவும், மறுபடி வாங்கவும் அண்ணா நகரிலேயே டாக்டர்கள் இருந்தார்கள். இப்படி ஒரு வாடிக்கையாளர் மேலூருக்கு வாய்க்கவில்லை.

ஆப்பிரிக்காவின் கென்யாவிலும் இதே பாடம்தான். நைரோபியில் 2010இல் 'ஐஹப்' என்ற ஸ்டார்ட்அப் மையம் திறந்தபோது உலகமே அதைப் பாராட்டியது. ஆனால் அந்த நாட்டை மாற்றிய 'எம்-பெசா' என்ற செல்போன் பணச் சேவையை, கையில் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருந்த சஃபாரிகாம் என்ற செல்போன் கம்பெனி 2007இலேயே கொண்டுவந்தது. அதன் மேல் ஏறித்தான் பல சிறு நிறுவனங்கள் வளர்ந்தன. வெளிநாட்டு முதலீட்டில் பெரும்பங்கு வெளிநாட்டார் நிறுவிய கம்பெனிகளுக்கே போகிறது என்ற புகாரும் அங்கே நெடுநாளாக உண்டு. நமக்கும் அந்த வாசனை தெரியும். 2010இல் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்ஒர்க்ஸ் 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலானபோது அதன் தலைமையகம் கலிஃபோர்னியாவில் இருந்தது.

ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பினால் அவர் கைவிட்ட அன்றே கதை முடியும் என்பார்கள். நியாயமான பயம்தான். அரசுக்கு விற்றால் பணம் எப்போது வரும் என்பதும் ஊரறிந்த கவலை. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. அதைக் காட்டி ஒரு துறையிடம் வாதாடும் தெம்பு இரண்டு பேர் நடத்தும் கம்பெனிக்கு ஏது? இருந்தும், டெண்டரில் முன்அனுபவமும் விற்றுமுதலும் கேட்காமல் ஸ்டார்ட்அப்களுக்குச் சலுகை தர மத்திய அரசின் விதிகளில் இடமுண்டு. அதைப் பயன்படுத்தத் துணியும் அதிகாரிகள்தான் வேண்டும்.

மாட்டுத்தாவணியில் டைடல் பார்க்குக்கு 2025இல் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. கட்டடம் வரட்டும். ஆனால் வடபழஞ்சியில் எல்காட் கட்டிய ஐடி கட்டடம் கொரோனா காலத்தில் நோயாளிகளுக்குப் படுக்கை போட உதவியது. கம்பெனி அதற்குப் பிறகே வந்தது. ஆகவே கட்டடத்தோடு நிற்காமல், மதுரை மாநகராட்சியும் இராசாசி மருத்துவமனையும் ஆவினும் தங்களுக்குத் தீராத வேலை எது என்று ஆளுக்கொரு பட்டியல் போட்டு, உள்ளூர் நிறுவனங்களிடம் சிறு அளவில் வாங்கிப் பார்க்கட்டும். 'ஸ்டார்ட்அப் டிஎன்' மதுரை மையம் வருடா வருடம் எத்தனை பேர் பதிந்தார்கள் என்று சொல்வதோடு, மூன்று வருடம் தாண்டி எத்தனை பேர் பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் வெளியிடட்டும்.