கதைப் போக்கும் தலைவிதியும்

நாவல் எழுதப் புகும் நம்மவருள் இருவகையினர் உண்டு. ஒரு சாரார், இன்ன சம்பவம் இன்ன இடத்தில் வரும் என்று முதலிலிருந்து முடிவு வரை குறிப்பு வரைந்துகொண்ட பின்னரே பேனாவைத் தொடுவர். மற்றொரு சாரார், "முடிவு தெரிந்துவிட்டால் எழுதும் ஊக்கம் அற்றுப்போகும், பாத்திரங்கள் செல்லும் வழியே நாமும் செல்வோம்" என்பர். இப்பின்னவரைச் சோம்பேறிகள் என இகழ்வாரும் உளர். அவ்விகழ்ச்சி நியாயமன்று. எனினும் அவர்தம் கதைகளில் அடிக்கடி நேரும் ஒரு குற்றத்தை நாம் மறைத்தலும் முறையாகாது. அக்குற்றம் யாதெனில், முடிச்சு விழுந்த இடத்தில் அதனை அவிழ்க்க வகையறியாது தலைவிதியைத் துணைக்கு அழைத்தலேயாம்.

கதாநாயகன் கடனில் மூழ்கினால் லாட்டரிச் சீட்டில் பணம் விழுகிறது. கொடியவன் ஒருவனை அடக்க வேண்டுமாயின் பாம்பு தீண்டுகிறது. காதலர்க்கிடையே சாதி குறுக்கிட்டால், அப்பெண் உயர்குலத்திற் பிறந்து சிறு வயதிலே காணாமற்போனவளே என்று கடைசி அத்தியாயத்தில் ஒரு கிழவி வந்து சாட்சி சொல்கிறாள். சாதியை எதிர்த்துத் தொடங்கிய கதை சாதிக்கே மாலை சூட்டி முடிகிறது! இதைவிடப் பரிதாபம் வேறுண்டோ?

முன்கூட்டி வகுக்காமல் எழுதியதால்தான் இக்குற்றம் நேர்ந்தது என்று கூறலாமோ? கூறலாகாது. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-இல் "பிக்விக் பேப்பர்ஸ்" என்னும் கதையை மாதப் பகுதிகளாக எழுதத் தொடங்கியபோது, ஓவியர் ஒருவருடைய படங்களுக்கு உரைநடை சேர்ப்பதே அவருக்கிடப்பட்ட பணி. இரண்டாம் பகுதி வெளிவருமுன் அவ்வோவியர் இறந்துபட்டார். நான்காம் பகுதியில் சாம் வெல்லர் என்னும் வேலைக்காரன் தோன்றினான், விற்பனை பெருகிற்று. அவனை வேலைக்கமர்த்த எண்ணிய பிக்விக், "ஒருவரைக் காப்பதைவிட இருவரைக் காக்கச் செலவு மிகுமோ?" என்னும் பொருள்பட வீட்டுக்காரியிடம் வினவுகிறார். அவ்வம்மாள் அதனைத் திருமணப் பேச்சென்று கொள்கிறாள். அதனால் வழக்கு எழுகிறது. 750 பவுன் நஷ்டஈடு தீர்ப்பாகிறது. தரமாட்டேன் என்று மறுத்துப் பிக்விக் சிறை புகுகிறார். பின்னர் வழக்குச் செலவைச் செலுத்தாமையால் அவ்வம்மாளும் அதே சிறைக்கு வருகிறாள். அவளை மீட்கும் பொருட்டே அவர் தம் பிடிவாதத்தைக் கைவிடுகிறார். இங்கே விதிக்கு வேலை ஏது? ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தது, அவ்வளவே. இதே டிக்கன்ஸ் 1846-இல் "டாம்பி அண்ட் சன்" எழுதத் தொடங்கிய காலை ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் தனிக் குறிப்புத் தாள் வைத்துக்கொண்டார் என்பதையும் நம் அன்பர்கள் கருத வேண்டும்.

ருஷிய ஆசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கி 1867-ஆம் ஆண்டின் இறுதியில், எழுதி வைத்திருந்த வரைவைத் தள்ளிவிட்டு "அசடன்" என்னும் நாவலைப் புதிதாகத் தொடங்கினார். 1868 ஜனவரியிலேயே அது பத்திரிகையில் வெளிவரலாயிற்று. முழுப் போக்கும் அப்போது அவருக்குத் திட்டமாகவில்லை. எனினும் முதற் பகுதியிலேயே, ரோகோஷின் நஸ்தாஸ்யாவை மணந்தால் ஒரு வாரத்தில் கொன்றுவிடக்கூடும் என்று மிஷ்கின் கூறிவிடுகிறான். இறுதியில் கொலை நிகழும்போது வாசகன் திடுக்கிடுகிறான். ஆனால் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவதில்லை. சுபாவமே அங்கே காரணமாகி நிற்கிறது.

நம் மொழியிலும் ஓர் உதாரணம் காண்போம். ராஜம் ஐயரின் "கமலாம்பாள் சரித்திரம்" 1893 முதல் 1895 வரை "விவேக சிந்தாமணி"யில் தொடராக வந்தது. அதன் முற்பகுதியில் கிராமத்து வம்பும் பொறாமையும் ஒரு குடும்பத்தை அரிக்கும் விதம் தத்ரூபமாக விளங்குகிறது. பிற்பகுதியிலோ கதை வேதாந்தத்தை நோக்கித் திரும்புகிறது. ஆத்ம சாந்தியே ஆசிரியர் கருதிய பயன் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் வம்பால் விளைந்த துன்பத்துக்குக் குருவின் அருளே பரிகாரமானால், வம்பு பேசிய ஊர் பதில் சொல்லாமலே தப்பிவிடுகிறதன்றோ? இருபத்தாறு வயதிலே மறைந்த அம்மேதையைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவருடைய நூல் அழகாலே நிற்பதால், அதன் இடறலும் நமக்குப் பாடமாகிறது.

ஆகவே, திட்டம் வகுக்க விரும்பாதார்க்கு நாம் கூறுவன நான்கு. முதலாவது, சம்பவத்தைத் தேடாதீர். ஒரு மனிதனையும், அவன் விரும்பும் ஒரு பொருளையும், அதைத் தடுப்பவரையும் தேடுக. இரண்டாவது, ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே "பிறகு" என்ற சொல் மட்டும் பொருந்துமாயின் ஐயுறுக. "ஆகையால்" அல்லது "ஆனால்" பொருந்துமாயின் மேலே செல்க. மூன்றாவது, வாசகன் மனத்தில் எழுப்பிய கேள்விகளை ஒரு தாளில் குறித்து வருக. பால்மரம் வெட்டுகிறவர் மரம் மரமாகவே செல்கிறார். எனினும் வைத்த மங்கு ஒவ்வொன்றையும் திரும்பிவந்து எடுக்கிறார் அல்லரோ? நான்காவது, முழுவதும் எழுதியான பின் அத்தியாயந்தோறும் ஒரு வரியாகச் சுருக்கம் எழுதுக. முன்னர் வேண்டாமென்ற திட்டம் அப்போது தானே கையில் கிடைக்கும். தொடர்பறுந்த இடம் கண்ணில் படும்; அதனைத் திருத்துக.

இஃது இலக்கண விவகாரம் மட்டுமன்று. கங்காணி மூலம் கடல் கடந்து வந்ததும், கள்ளுக்கடையில் கூலி கரைந்ததும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்களை விட்டுக் குடும்பங்கள் வெளியேறியதும் நம் மக்களின் சரித்திரம். அவை ஒவ்வொன்றுக்கும் மனிதர் செய்த காரணம் உண்டு. அக்காரணத்தைத் தேடாமல் "எல்லாம் எழுத்துப்படி நடந்தது" என்று முடிக்கும் நாவல், நம்மைத் தாழ்த்தியோரை விடுவித்துவிட்டு நம்மையே மீண்டும் விலங்கிடுகிறது. திட்டமின்றி எழுதுங்கள், தடையில்லை. காரணமின்றி மட்டும் எழுதாதீர்கள்.