ஒதுங்கி நின்ற கதாநாயகன்

எம்.ஜி.ஆர். கட்சியா, சிவாஜி கட்சியா என்று பள்ளிக்கூடத்தில் மல்லுக்கு நின்ற தலைமுறை என்னுடையது. இரண்டு கட்சிக்காரர்களும் ஒற்றுமையாகக் கேலி செய்த ஒரே ஆள் ஜெமினி கணேசன். 'சாம்பார்' என்பது நாங்கள் வைத்த பெயரல்ல, ஊரே வைத்த பெயர். இந்த மனிதரைப் போய்க் 'காதல் மன்னன்' என்கிறார்களே என்று நானும் சிரித்தவன்தான். அம்மாவுக்கு மட்டும் அவரை ரொம்பப் பிடிக்கும். ஏன் என்று கேட்டால், "அவன் ஒருத்தன்தான்டா பொம்பளை பேசறதைக் காது குடுத்துக் கேட்பான்" என்பாள்.

அதன் பொருள் விளங்க, ஐம்பது வயதுக்கு மேல் 'மிஸ்ஸியம்மா'வைக் (1955) குறுந்தகட்டில் பார்க்க வேண்டியிருந்தது. வங்காள நாடகம் ஒன்றிலிருந்து வந்த கதை. எல்.வி. பிரசாத் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார், தெலுங்கில் என்.டி. ராமராவ், தமிழில் ஜெமினி. 1957-ல் இந்தியில் 'மிஸ் மேரி' ஆனபோது, மீனாகுமாரிக்கு ஜோடியாக ஜெமினியே போனார். (வடக்கே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அவரை அறிமுகம் செய்ய இது நல்ல வழி.)

வேலையில்லாத இரண்டு பட்டதாரிகள், அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். கணவன் மனைவி என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூட வேலையில் சேருகிறார்கள். சாவித்திரி படம் முழுக்கச் சிடுசிடுக்கிறார், முறைக்கிறார், பொறாமையில் வேகிறார். ஜெமினி? சமாளிக்கிறார், அவ்வளவுதான். கிண்டல் உண்டு, ஆனால் அவளை அடக்கிக் காட்டும் வீறாப்பு கிடையாது. கோபக்காரியை அடக்குவதே ஆண்மை என்று எத்தனை படங்களில் கைதட்டியிருக்கிறோம்! சாவித்திரியின் நடிப்பை இன்றைக்கும் கொண்டாடுகிறோமே, எதிரில் நின்றவர் அதற்கு இடம் விட்டார் என்பதை யாராவது சொல்கிறோமா? இடம் விடுவதும் நடிப்புதான் என்பது என் கட்சி.

குரலும் அப்படியே அமைந்தது. டி.எம்.எஸ். பாடினால் கொட்டகையின் கடைசி பெஞ்சு வரை எட்டும். ஏ.எம். ராஜாவும் பிறகு பி.பி. ஸ்ரீநிவாஸும் ஜெமினிக்காகப் பாடியது பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்டால் போதும் என்பது போல.

ஆனால் 'கல்யாண பரிசு' (1959) பார்த்தபோது இந்தப் புகழ்ச்சியைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஸ்ரீதர் இயக்கிய முதல் படம். 'எழுத்தாளர் பைரவன்' தங்கவேலுவை நினைத்துச் சிரிப்பவர்கள் பலர்; நடுவில் இருப்பதோ கனமான கதை. பாஸ்கரும் வசந்தியும் காதலிக்கிறார்கள். வசந்தியின் அக்கா கீதாவும் அவனையே விரும்புகிறாள். அக்காவுக்காக வசந்தி விட்டுக்கொடுக்கிறாள். பாஸ்கர் கீதாவை மணக்கிறான், ஆனால் மனசு வசந்தியிடமே. கீதா ஒரு குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோகிறாள்.

இங்கேதான் ஜெமினியின் மென்மை நம்மை ஏமாற்றுகிறது. அவர் வாடிய முகத்தோடு நிற்கும்போது நமக்கு அவர் மேல்தான் இரக்கம் வருகிறது. வேறு யாராவது நடித்திருந்தால் பாஸ்கரைக் கல்நெஞ்சன் என்றிருப்போம். காதலி பேசினால் காது கொடுக்கிறவன், கட்டிய மனைவியின் மௌனத்தைக் கேட்கவில்லையே! இதே கதையை ஸ்ரீதர் 1961-ல் இந்தியில் 'நஸ்ரானா'வாக எடுத்தார், ராஜ் கபூர் கதாநாயகன். ராஜ் கபூர் தம் சோகத்தை நம்மிடம் நீட்டுகிறவர், ஜெமினி மறைக்கிறவர். மறைக்கிறவனிடம் குற்றம் காண்பது கஷ்டம்.

விஜயகுமாரி அந்தக் கீதாவாக நடித்த விதத்தைப் பற்றி நம் ஆட்கள் அதிகம் எழுதவில்லை என்பது என் நெடுநாள் குறை. அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். காதல் மன்னனின் பரம ரசிகை. ஆனாலும் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்தக் கீதாதான் பாவம்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

கடைசியில் பாஸ்கர் வந்து சேரும்போது வசந்திக்கு வேறொருவரோடு கல்யாணம் முடிந்திருக்கிறது. குழந்தையையே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுத் தனியே நடந்து போகிறான். கொட்டகையே அழுத காட்சி, நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் மகள், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏம்ப்பா, அம்மாதான் இல்ல. அப்பாவும் வேண்டாமான்னு அந்தக் குழந்தைகிட்ட யாராவது கேட்டாங்களா?"